பாப்பாயி கட்டிய பதினோரு வரப்புகள்

"எங்காட்டுல பேயற மழையில ஒரு சொட்டுக்கூட கீழ எறங்காதுங்க. எறங்குனா எம் பேரு பாப்பாயி இல்லீங்க."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் ஆண்டு வைகாசி மாதம், நாமகிரிப்பேட்டைக்கு வடக்கே ஊஞ்சக்காடு என்ற பதினெட்டு வீட்டு ஊரில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஏழு ஆண்களின் முன்னால் இந்த நீர்க்கொள்கை அறிவிக்கப்பட்டது. பெரிய ஆறுகளைப் பற்றிப் பெரிய அரசாங்கங்கள் வெளியிடும் அறிக்கைகளில்கூட இவ்வளவு தெளிவு கிடையாது. அவற்றில் 'இயன்றவரை' என்றோ 'பரிசீலனைக்குப் பின்' என்றோ ஒரு பொந்து வைத்திருப்பார்கள். பாப்பாயியின் கொள்கையில் எலி நுழையப் பொந்தில்லை.

அறிவித்தவருக்கு அப்போது வயது முப்பத்தாறு. கணவர் மணியன் முந்தைய ஆண்டு மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அன்றைக்கு மரத்தடியில் நடந்தது மணியனின் தம்பி செங்கோடனோடு பாகப்பிரிவினை. குடும்பத்து நிலம் எட்டு ஏக்கர். வடக்கே கல்குன்றான கரட்டின் அடியில் தொடங்கித் தெற்கே சரிந்து வருவது. மேல்காடு நாலு ஏக்கர் பாப்பாயிக்கு, கீழ்க்காடு நாலு ஏக்கர் செங்கோடனுக்கு என்று பெரியவர்கள் பிரித்தார்கள். நாலுக்கு நாலு. இதைவிட நியாயம் எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்? மேல்காட்டில் கல் இருந்ததும் கீழ்க்காட்டில் கிணறு இருந்ததும் ஏக்கர் கணக்கில் வராத சங்கதிகள்.

கிணற்றில் தனக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் முறை வேண்டும் என்று பாப்பாயி கேட்டார். மத்தியஸ்தம் செய்த ராசப்பனுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"நீ ஒண்டிக்கட்டை. உனக்கெதுக்கு சாமி கெணத்துப் பங்கு? குடிக்கறதுக்கு ஒரு கொடம் வேணும்னா மோந்துக்கிட்டுப் போற. யாரு வேண்டாங்கப் போறா?"

"அப்ப மழைத் தண்ணியில பங்கு யாருக்குங்க?"

"மழைக்கு எவன் பங்கு போடறான்? அவங்கவங்க காட்டுல பேயறது அவங்கவங்களுக்கு."

"அதையும் எழுதிக்குங்க."

"அதையெல்லாமா எழுதுவாங்க. பேச்சுத்தான்."

பேச்சுத்தான் என்றதும் பாப்பாயி எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே சொன்ன பேச்சைப் பேசினார். ஏழு பேரும் சிரித்தார்கள். செங்கோடன் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார். நிலத்துக்குக் கல் நட்டு எல்லை போடுவதைப் போலத் தண்ணீருக்கும் போடலாம் என்பதில் மட்டும் மரத்தடியில் இருந்த எட்டுப் பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. தண்ணீர் அந்தப் பஞ்சாயத்துக்கு வரவில்லை, கைநாட்டும் வைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் பாப்பாயி கடப்பாரையும் கூடையுமாக வேலையை ஆரம்பித்தார். இரண்டு காட்டுக்கும் நடுவில் எல்லை நெடுக, மார் உயரத்துக்கு ஒரே வரப்பு. காட்டில் கல்லுக்குப் பஞ்சமில்லை. மூன்று மாதம் ஒற்றை ஆளாகச் சுமந்து கட்டினார். புரட்டாசியில் கோடை மழையின் கோபத்தோடு மழை வந்தது. அரை மணி நேரம் வரப்புக்குப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. பிறகு வரப்பு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடுவில் உடைந்து, மேல்காட்டின் நல்ல மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு செங்கோடன் காட்டில் போய் இறங்கியது.

இந்த இடத்தில் ஊஞ்சக்காட்டின் ஒரு நடைமுறையைச் சொல்லிவிட வேண்டும். பேச்சு நின்றுபோன இரண்டு குடும்பங்கள் ஆளோடு ஆள் பேசக்கூடாது, மாட்டோடு பேசலாம். மாடு கேட்காவிட்டாலும் குற்றமில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

மழை விட்டதும் செங்கோடன் தன் காளையிடம் சொன்னார்:

"பாத்தியாடா செவலை, அண்ணி கஞ்சத்தனமே பண்ணல. தண்ணியோட மண்ணையும் சேத்து அனுப்பிச்சிருக்காங்க. நாலு வண்டி எருவு மிச்சம் நமக்கு."

பாப்பாயி தன் எருமையிடம் பதில் சொன்னார்:

"அடுத்தவ காட்டு மண்ணத் திங்கறவனுக்கு வாயப் பாருடி கருப்பி."

செங்கோடனின் மனைவி சாலம்மாள் பசுவை அவிழ்த்துக்கொண்டே தன் பங்குக்குச் சொன்னார்:

"நீ அங்க பாக்காத லச்சுமி. மேல ஒருத்தி மழையை முந்தானையில முடிஞ்சு வெக்கப் பாக்கறா."

இந்தச் சாலம்மாளும் பாப்பாயியும் ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்து பத்து வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். சாலம்மாளுக்குத் தலைப்பிரசவம் ஆனபோது வெந்நீர் வைத்தது பாப்பாயி. பாகம் பிரிந்த நாளிலிருந்து இருவருக்கும் இடையில் ஒரு பசுவும் ஓர் எருமையும் மொழிபெயர்ப்பாளர்களாக அமர்ந்துவிட்டன.

அடுத்த மழைக்குப் பாப்பாயி கொங்காடை போட்டுக்கொண்டு காட்டுக்கு நடுவில் போய் நின்றார். கம்பளியை மடித்துக் கூம்பாகத் தலையில் கவிழ்த்துக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். மழை வந்தால் ஊர் உள்ளே போகும், ஆடு கொட்டகைக்குள் போகும், நாய் வண்டிக்கடியில் போகும். பாப்பாயி ஒருவர்தான் வெளியே வருவார். நின்று கவனித்ததில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. கரட்டடியில் தண்ணீர் கன்றுக்குட்டி. பாதிக் காட்டில் அது கிடாரி. எல்லைக்கு வரும்போது முட்டுகிற காளை. காளையை மறிக்கப் போனதுதான் தப்பு. கன்றாக இருக்கும்போதே அங்கங்கே பிடித்துக் கட்டிவிட வேண்டும்.

எங்கே கட்டுவது என்பதைத் தண்ணீரிடமே விட்டார். தேங்கின தண்ணீரின் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அந்தக் கோடு நெடுக, நனைந்துகொண்டே, ஒவ்வொரு கல்லாக வைத்துப் போனார். வெயில் வந்ததும் கல் இருந்த இடத்தில் வரப்பு எழுந்தது. அதனால் அவருடைய வரப்புகள் எதுவும் நேராக இல்லை. வெற்றிலைக் கொடியை எறிந்த மாதிரி காட்டைச் சுற்றி நெளிந்தன. "குடிச்சவன் கோடு போட்டாப்பல இருக்குது" என்று ராசப்பன் ஒருநாள் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வருஷத்துக்கு ஒன்று, நல்ல வருஷத்தில் இரண்டு. எழுபத்தெட்டு முடிவதற்குள் கரட்டடியிலிருந்து எல்லைவரை பதினோரு வரப்பு. பதினோராவதுதான் எல்லை வரப்பு. உடைந்த பழைய இடத்தில் மறுபடி கட்டியது. மழை நாளில் அது ததும்பும்போதெல்லாம் பாப்பாயி ஓடிப்போய் அதன் தலைமேல் இன்னும் நாலு கல் ஏற்றுவார். ஒவ்வொரு வரப்புக்கும் பின்னால் தண்ணீர் சின்னச் சின்னக் கண்ணாடியாக நின்றது. இரண்டு நாளில், மூன்று நாளில் காணாமல் போனது. வெயில் குடித்துவிட்டது என்று பாப்பாயி திருப்தியடைந்தார். வெயில் குடிக்கலாம்; செங்கோடன் குடிக்கக் கூடாது. தம் காட்டில் கடலைக்காயும் குச்சிக்கிழங்கும் முன்னைவிட நன்றாக வந்ததை அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அது கொள்கையின் சிறு பக்கவிளைவு.

கொள்கையைத் தவிர அவருக்கு வேறு துணை இருந்ததாகத் தெரியவில்லை. வீடு என்று சொல்ல, காட்டிலேயே பனையோலை வேய்ந்த ஒரு சாளை. பிறந்த ஊர் வாழப்பாடிக்கு அந்தப் பக்கம். அங்கே அண்ணன் இருந்தவரை தீபாவளிக்கு ஒரு கடிதாசி வரும், பிறகு அதுவும் நின்றது. சந்தை நாளில் பஸ்ஸேறி நாமகிரிப்பேட்டைக்குப் போய் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கி வருவார். சில வாரங்களில் அவரிடம் பேசிய ஒரே மனிதர் "சில்லறையா குடுங்கம்மா" என்ற கண்டக்டர். ஆனால் மேல்காட்டிலிருந்து பார்த்தால் கீழ்க்காட்டு வீடு முழுவதும் தெரியும். சாலம்மாள் எப்போது அடுப்புப் பற்ற வைக்கிறார், என்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார், எந்த வெள்ளிக்கிழமை வாசலுக்குச் சாணி தெளிக்காமல் படுத்துக் கிடந்தார் என்பதெல்லாம் பாப்பாயிக்குத் தெரியும். எதிரியைக் கண்காணிப்பது என்று இதற்குப் பெயர். காலையில் அந்தக் கூரையில் புகை வந்த பிறகுதான் தம் அடுப்பைப் பற்ற வைப்பதும் கண்காணிப்பில் ஒரு பகுதியே.

எண்பத்திரண்டிலும் எண்பத்துமூன்றிலும் மழை பொய்த்தது. சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் ஒவ்வொன்றாகப் பாறையைக் காட்டின. பத்தடி வெட்டினார்கள், பக்கத்தில் துளை போட்டார்கள், அப்புறம் திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளை போடும் ரிக் லாரிகள் வந்து ஊரையே புழுதியாக்கிவிட்டுப் போயின. செங்கோடன் கிணற்றில் மட்டும் ரெண்டு ஆள் மட்டம் தண்ணீர் நின்றது. வயற்காடெல்லாம் காய்ந்து கிடக்க நாலு ஏக்கர் மஞ்சள் மட்டும் இலைவிட்டு அசைந்தது. ஊர் பல காரணம் சொன்னது. கிணறு தோண்டிய நாள் நல்ல நாள் என்றார்கள்; தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவன் கைராசி என்றார்கள். செங்கோடன் காளையிடம் சொன்னது ஒன்றே: "நம்முளுது வத்தாத ஊத்துடா செவலை."

பாப்பாயி இரண்டு வருஷமும் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே கம்பங்கூழ் குடித்தார். பன்னிரண்டு வருஷமாக ஒரு சொட்டு இறக்கவில்லை. அப்படியும் அங்கே தண்ணீர் இருக்கிறது. சாமி கட்சி மாறிவிட்டது என்ற முடிவுக்கு வந்து, ஆடிப் பொங்கலுக்குக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார்.

எண்பத்துநாலில் செங்கோடன் மாரடைப்பில் இறந்தார். எழவுக்குப் போகாமலிருக்கும் அளவுக்குப் பெரிய பகை ஊஞ்சக்காட்டில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பாப்பாயி போனார். பெண்களோடு உட்கார்ந்து, எல்லாரையும்விடக் கூடுதல் நேரம் அழுதார். சாலம்மாளுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். இருவரும் மற்றவர் முகம் தவிர எல்லா முகத்தையும் பார்த்தார்கள். திரும்பி வரும்போது எல்லை வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்று பார்த்து அடைத்துவிட்டுத்தான் சாளைக்கு வந்தார். சாலம்மாளின் ஒரே மகன் ரிக் லாரியில் வேலைக்குச் சேர்ந்து மத்தியப் பிரதேசம் போனான். ஆக, மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர்.

அடுத்த வருஷம் சேலம் அஸ்தம்பட்டியில் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஜீப் வந்தது. இறங்கியவர் வேலுமணி என்ற மண் பாதுகாப்பு அதிகாரி. கூடவே அளவுகோல் பிடிக்கிற, ஆறு மாதமாகச் சுற்றுவட்டாரக் கிணறுகளை அளந்துவந்த மாதையன். கையிலிருந்த வரைபடத்தில் ஊர் எல்லையும் இல்லை, பட்டா எல்லையும் இல்லை. கரட்டு உச்சியிலிருந்து ஓடைவரை மழை எப்படி இறங்குகிறதோ அப்படி ஒரே கோடாகச் சுற்றியிருந்தார்கள். இனிமேல் திட்டமெல்லாம் அந்தக் கோட்டுக்குள்ளேதான், மேலேயிருந்து ஆரம்பித்துக் கீழே வருவதுதான் என்று வேலுமணி சொன்னார். சொல்லிக்கொண்டே மேல்காட்டைப் பார்த்தவர் வாயை மூடவில்லை. மூன்று கால் கருவியை நட்டு வைத்து வரப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நூறு கஜத்துக்கு இரண்டு விரல்கூட ஏற்றத்தாழ்வு இல்லை.

"இதை உங்களுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"எங் கொழுந்தனுங்க."

"அப்படியா. அவரைப் பாக்கலாமா?"

"போன வருசம் செத்துட்டாருங்க."

வேலுமணி ஒரு கணம் தலையைக் குனிந்து நின்றுவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். 'காலஞ்சென்ற திரு. செங்கோடன் அவர்களின் தூண்டுதலால்' என்று. அரசாங்கக் குறிப்புகளில் இவ்வளவு உண்மையான வாக்கியம் அபூர்வம்.

"எல்லை வரப்புல மட்டும் ஒரு கொறை இருக்குதும்மா. நெறஞ்சு வழியற எச்சுத் தண்ணி போறதுக்கு ஒரு கலிங்கு உடோணும். வரப்புத் தலையில இருந்து ஒரு முழம் எறக்கி, கல் பதிச்சு உட்டுட்டா, உடையாது."

"அந்தப் பக்கம் உடறதுக்கில்லீங்க."

"செரி, உங்க இஷ்டம். இருந்தாலும் பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க. கீழ இருக்கற அந்தக் கெணத்தை நாங்க ஆறு மாசமா அளக்கறோம். மாதையா, சொல்லு."

"மழை பேஞ்சு அஞ்சாம் நாளு, ஆறாம் நாளு ஏறுதுங்க. சுத்துல வேற எந்தக் கெணறும் அப்பிடி ஏறலீங்க."

"அது அவங்க ஊத்துங்க" என்றார் பாப்பாயி.

"ஊத்துங்கறது எங்கிருந்தும்மா வரும்? நீங்க மேல நிறுத்தற தண்ணி மண்ணுல எறங்கி, பாறை இடுக்குல பூந்து, அங்க போய்ச் சேருது. அந்தக் கெணத்துக்கு ஊத்தே நீங்கதான்."

பாப்பாயி கிணற்றைப் பார்த்தார்.

"எத்தனை வருசமாங்க?"

"நீங்க வரப்புப் போட்ட நாள்ல இருந்து."

பாப்பாயி வரப்பின்மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வந்தது. தம் சேவையின் பயனைக் கண்ணால் கண்ட ஒரு முன்னோடி விவசாயியின் நெகிழ்ச்சி என்று வேலுமணி நினைத்தார். தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வருஷம் மற்ற ஊர்க்காரர்களைக் கூட்டிவந்து காட்டுவதாகச் சொல்லி ஜீப் ஏறினார்.

பாப்பாயியின் நிலைமையை உள்ளபடி யோசித்துப் பாருங்கள். பதினைந்து வருஷம் கல் சுமந்து, செங்கோடன் மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார். பஞ்சத்தில் தாம் கூழ் குடித்து அவரைக் காப்பாற்றியிருக்கிறார். வரப்பை வைத்திருந்தால் தண்ணீர் மண்ணுக்கடியில் அங்கே போகிறது. உடைத்துவிட்டால் மண்ணுக்குமேல் அங்கே போகிறது. எப்படிப் பார்த்தாலும் சரிவு அவர் கட்சியில் இல்லை.

மூன்று நாள் அடுப்பு மூட்டாமல் யோசித்து ஒரு வழி கண்டார். மேல்காட்டின் மேற்கு ஓரத்தில் இட்டேரி போகிறது; இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட வண்டிப் பாதை. அது நேராக ஓடையில் போய் முடியும். எண்பத்தாறு கோடையில், தாம் கட்டிய பத்து வரப்புகளின் மேற்குத் தலையையும் தாமே வெட்டித் திறந்து, இட்டேரிக்கு ஒரு வாய்க்கால் எடுத்தார். ஐம்பத்திரண்டு வயதில் ஒற்றை ஆளாக ரெண்டு மாதம். அந்த வருஷ மழை முழுவதும் பிடித்து வைக்க ஆளில்லாமல், செம்மண் நிறத்தில், சத்தம் போட்டுக்கொண்டு இட்டேரி வழியே ஓடைக்குப் போனது. பாப்பாயி கொங்காடையோடு நின்று வழியனுப்பினார். தமக்கும் இல்லை, கீழ்க்காட்டுக்கும் இல்லை. கொள்கை காப்பாற்றப்பட்டது.

சொன்னபடி வேலுமணி வாழப்பாடிப் பக்கத்து விவசாயிகள் இருபது பேரோடு வந்தார். வெட்டின வரப்புகளைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்கம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"எங்காட்டுப் பண்டம். நான் ஊத்தறேன்."

இருபது பேரில் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க சார், இதைப் பாத்து நாங்க என்ன செய்யோணும்?"

வேலுமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதைச் செய்யக் கூடாதுங்க" என்றார். அந்தக் களப்பயணமும் வெற்றிகரமாக முடிந்தது.

கிணறு உடனே வற்றிவிடவில்லை. தையில் ஒரு ஆள் மட்டம் இறங்கியது. பங்குனியில் மோட்டார் காற்றை இழுத்தது. மேலேயிருந்து பாப்பாயிக்கு எல்லாம் தெரிந்தது: சாலம்மாள் கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்ப்பது, மஞ்சள் வைக்க வேண்டிய வைகாசியில் காடு சும்மா கிடப்பது. இதற்காகத்தான் பதினேழு வருஷம் உழைத்தது. ஆனால் வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஒரு எதிர்ப்பேச்சு வேண்டாமா? ஒருநாள் வேண்டுமென்றே எல்லைக்குப் போய், "இன்னைக்கு வெய்யில் எச்சு, இல்லையாடி கருப்பி?" என்று உரக்கச் சொன்னார். கீழேயிருந்து பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள்தான் கவனித்தார். கட்டுத்தறி காலியாக இருந்தது. தீவனம் இல்லாமல் சாலம்மாள் பசுவை விற்றுவிட்டிருந்தார்.

புரட்டாசியில் களைவெட்ட வந்த பெருமாயி முழுச் செய்தியும் கொண்டுவந்தார். பெருமாயி இரண்டு காட்டிலும் கூலிக்குப் போகிறவர். அதனால் அவர் பேச்சில் கட்சி கிடையாது.

"சாலம்மாக்கா காட்டை விக்கறாங்களாமுங்க. கெணத்துல காலு நனையத் தண்ணியில்ல. மகன் வந்து கூட்டிட்டுப் போறேன்னு எழுதியிருக்கறானாம்."

"வாங்கறது யாரு?"

"திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக்குக்காரராமுங்க. ஐப்பசி கடைசில வருவாராம். அதுக்குள்ள கெணறு ஊறுனாப் பாக்கலாம், இல்லாட்டி ரேகை வெச்சிருவேன்னுட்டாங்க அக்கா."

"அவரு இங்க குடியிருக்கப் போறாரா?"

"அவரெங்கீங்க இங்க வாராரு. கம்பி வேலி போட்டுட்டுப் போயிருவாராம். ஊட்டையும் பிரிச்சுருவாங்களாம்."

பெருமாயி அடுத்த பாத்திக்கு நகர்ந்தார். பாப்பாயி களைக்கொத்தை வைத்துவிட்டுக் கீழ்க்காட்டு வீட்டைப் பார்த்தார். அந்தக் கூரை இல்லாத சரிவு எப்படியிருக்கும் என்று பார்க்க முயன்றது போலிருந்தது. கம்பி வேலிக்கு எதிராக யாரும் கொள்கை வைத்துக்கொள்ள முடியாது. காலையில் எந்தப் புகையைப் பார்த்து அடுப்பைப் பற்ற வைப்பது? தண்ணீரை இன்னாருக்கு விடமாட்டேன் என்று சொல்ல, இன்னார் என்று ஒருத்தர் அங்கே இருந்தாக வேண்டும்.

"பெருமாயி."

"என்னுங்க?"

"நாளையில இருந்து களை வேண்டாம். மண்ணு சொமக்க வா."

பெருமாயி காரணம் கேட்கவில்லை. காரணம் கேட்டால் கூலி வேலை நடக்காது. இரண்டு பேருமாக மேற்கு வாய்க்காலை அடைத்தார்கள். வெட்டின பத்துத் தலையையும் கல் வைத்து மண் அணைத்து மூடினார்கள். இருபது நாள் ஆயிற்று. பாப்பாயிக்கு இடுப்பு நிமிரவில்லை. கடைசி இரண்டு வரப்பையும் உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து முடித்தார்.

ஐப்பசி பத்தாம் தேதி முதல் மழை பெய்தது. பதினோரு கண்ணாடியும் நிறைந்தன. ஆறாம் நாள் சாலம்மாள் கிணற்று மேட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு கல்லைப் போட்டுக் காது கொடுத்தார். ஒரு வருஷம் காய்ந்த மண், குடித்தது போக மிச்சத்தைத்தான் கொடுக்கும். முழங்கால் அளவு ஊறியிருக்கும். ரிக்குக்காரரைத் திருப்பி அனுப்ப அது போதாது.

இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் கரடு மறையும்படி இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்த காடு இதற்குமேல் குடிக்கவில்லை. ஒவ்வொரு வரப்பாகத் தளும்பி, பதினோராவதில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து தலைக்கு நாலு விரல் கீழே நின்றது. இத்தனை வருஷமாக இந்த நேரத்தில் செய்கிற வேலை பாப்பாயியின் கைக்கு மனப்பாடம்: ஓடிப்போய்க் கல் எடுத்து வந்து மேலே ஏற்றுவது. கொங்காடையோடு போய்க் கல்லையும் எடுத்தார். எடுத்த கல்லோடு வரப்பின்மேல் நின்றார். கீழே வீடு மழையில் மங்கலாகத் தெரிந்தது. அடுப்புப் புகை இல்லை. விற்கப்போகிற வீட்டில் வேளை தவறாமல் யார் சமைப்பார்கள்?

கல்லைக் கீழே வைத்தார். கடப்பாரையை வரப்பின் தலையில் ஊன்றி நெம்பினார். வருஷக்கணக்காக இறுகின கல் லேசில் வரவில்லை. முதல் கல் புரண்டதும் தண்ணீர் அந்த வாயை மோந்து பார்த்துவிட்டு நுழைந்தது. இரண்டாவது கல்லை அதுவே தள்ளிக்கொண்டது. எல்லையைத் தாண்டி, பாகம் பிரிவதற்கு முன்னால் ஓடின பழைய தடத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு, கிணற்று மேட்டைப் பார்க்க இறங்கிப் போனது.

கொஞ்ச நேரத்தில் சாலம்மாள் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தண்ணீரைப் பார்த்தார். அது வந்த திசையைப் பார்க்கவில்லை. உள்ளே போய் மம்பட்டியோடு வந்து, கிணற்றுப் பக்கம் ஒரு வெட்டு, காட்டுப் பக்கம் ஒரு வெட்டு வெட்டித் திருப்பிவிட்டார். நூறு அடி தூரத்தில் மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர். பொழுது சாய்ந்து மழை விடும்வரை குனிந்து வேலை செய்தார்கள். நடுவில் மொழிபெயர்க்க மாடு எதுவும் இல்லாததால் பேச்சு நடக்கவில்லை.

ஐப்பசி கடைசியில் ரிக்குக்காரர் அம்பாசிடர் காரில் வந்து இறங்கிக் கிணற்றை எட்டிப் பார்த்தார். "வெங்காயம் ஊனியாச்சுங்க. விக்கறது இப்பத்திக்கு இல்லீங்க" என்றார் சாலம்மாள். மேலிருந்து பார்த்த பாப்பாயிக்கு வார்த்தை எதுவும் கேட்கவில்லை. கார் வந்த வழியே திரும்பியது மட்டும் தெரிந்தது.

கார்த்திகை பிறந்து நாலு நாள் வெயில் அடித்தபின், பாப்பாயி கரட்டிலிருந்து பலகைக் கற்கள் நாலு சுமந்து வந்தார். எல்லை வரப்பில் திறந்த வாயைச் சதுரமாகச் செதுக்கி, வேலுமணி சொன்னபடி தலையிலிருந்து ஒரு முழம் இறக்கி, கற்களைப் பதித்து, இடுக்கில் களிமண் அப்பினார். எட்டி நின்று பார்த்தார். பெருமழைக்குத்தான் அதில் தண்ணீர் வழியும். சாதாரண மழைக்கு எட்டாது. சுற்றிலும் யாரும் இல்லை. மறுபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாலு கல்லையும் பெயர்த்தெடுத்து, இன்னும் ஒரு சாண் ஆழமாகத் தோண்டிப் பதித்தார்.